பருத்திப்பால் பாக்கெட்டில் ஒரு வரி

பயிற்சிக்கு வந்திருக்கும் புது அலுவலர்களுக்காக என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். மிளகாய்த்தூளில் செங்கல் பொடியைக் கண்டுபிடித்த கதை, ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றியவனை விரட்டிப் பிடித்த கதை என்று நாலைந்தை எதிர்பார்த்திருப்பீர்கள். போடிநாயக்கனூரில் உணவுப் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் சாய ஏலக்காய்க் கதை இல்லாமல் இருக்குமா? நிறைய இருக்கிறது. ஆனால் அந்தக் கதைகளில் எல்லாம் நான் நல்லவனாக வருகிறேன். அதனால் அவற்றைச் சொல்வதில் எனக்கு இப்போது ருசி இல்லை.

மாதிரி எடுப்பது எப்படி, அதைப் பங்கு பிரிப்பது எப்படி, சீல் வைப்பது எப்படி என்பதையெல்லாம் வகுப்பில் சொல்லித் தருவார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு வரியைப் பற்றி. ஒரு பாக்கெட்டின் மேல் இருந்த வரி அது. எழுதியவன் நான். அதற்குத் தண்டனை வாங்கியவர் வேறொருவர்.

போடியில் விடிகிற நேரத்தில் ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குவாளியும் பழைய துணிப்பையுமாக வந்து ஏறுவார்கள். போடிமெட்டு வளைவுகளில் ஏறி, கேரளப் பக்கத்துத் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் இறங்குவார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. போக்குவரத்து நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் தள்ளுவண்டியில் விற்கிற பருத்திப்பால்தான் பலருக்குக் காலை ஆகாரம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் கொதிக்கவிட்டது. சூடாக ஒரு டம்ளர் குடித்தால் மத்தியானம் வரை தாங்கும். ஆய்வுக்குக் கிளம்பும் முன் நானும் தினமும் அங்கேதான் குடிப்பேன்.

அப்படி வண்டி போட்டிருந்தவர்களில் ஒருவர் பேச்சியம்மாள். பல வருஷம் மலையில் ஏலக்காய் எடுத்தவர். ஒரு மழைக்காலத்தில் அவர் போன ஜீப் கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் அங்கேயே போய்விட்டார். பேச்சியம்மாளுக்கு இடுப்பில் அடி. இடுப்பு ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. “செத்தாலும் இனி ஜீப்புல ஏற மாட்டேன் சார். தெருக் கூட்டியாச்சும் பொழச்சுக்கிருவேன்” என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஜீப் நிற்கிற இடத்திலேயே வியாபாரம் செய்தாலும் ஜீப்புக்கு முதுகைக் காட்டித்தான் வண்டியை நிறுத்துவார்.

கொஞ்ச நாளில் அவர் ஒரு பொடி செய்தார். வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் பருத்திப்பால் ஆகிவிடும். தோட்டத்து லயன் வீடுகளில் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு அது பிடித்துப்போனது. ஜீப் டிரைவர்கள் கட்டுக்கட்டாக வாங்கிக்கொண்டு போய் மலையில் இருக்கிற பெட்டிக்கடைகளில் போட்டார்கள். அவர் ஏறாத மலைக்கு அவருடைய பாக்கெட் ஏறியது. பதிவுச் சான்றுக்கு மனுப் போட வைத்ததும், பாக்கெட்டில் தயாரித்த தேதி போட வைத்ததும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நாம் வாய்ச்சொல்லாகச் செய்கிற விழிப்புணர்வு ஒருவருடைய அடுப்படிக்குள் போய்ச் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில் மதுரையில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மரபணு மாற்றிய பயிரில் இருந்து வந்த உணவுக்கு லேபிளில் அதைச் சொல்ல வேண்டுமா, எப்படிச் சொல்ல வேண்டும் என்பது பேச்சு. என்னையும் அனுப்பியிருந்தார்கள். ஒரு விஞ்ஞானி எழுந்து, இதனால் கெடுதல் எதுவும் இல்லை, லேபிள் போட்டால் சனங்கள் வீணாகப் பயப்படுவார்கள் என்றார். ஓர் இயற்கை விவசாயி எழுந்து, கெடுதல் இல்லை என்றால் சொல்வதற்கு ஏன் பயப்படுகிறீர்கள் என்றார். மைக்கைப் பிடுங்காத குறை. மத்தியானம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அப்பளமும் வடையும் தின்றார்கள். சமையல்கட்டில் சோயா எண்ணெய் டின்கள் அடுக்கியிருந்தன. எந்த நாட்டுச் சோயா, எப்படிப்பட்ட சோயா என்று டின்னிலும் எழுதவில்லை, தின்றவர்களில் ஒருவரும் கேட்கவுமில்லை. நானும் கேட்கவில்லை, இரண்டாம் தடவை வடை வாங்கினேன். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ரத்தம் சூடாகத்தான் இருந்தது. தெரிந்து தின்பது மனிதனுடைய உரிமை என்று அந்த இயற்கை விவசாயி சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் பேச்சியம்மாள் அலுவலகத்துக்கு வந்தார். மதுரையில் இயற்கை அங்காடி நடத்துகிற ஒருவர் நிறையப் பாக்கெட் கேட்டிருக்கிறாராம். கேட்டதோடு ஒரு கேள்வியும் போட்டிருக்கிறார்.

“நாட்டுப் பருத்தியா, மரபணு மாத்துனதான்னு கேக்காரு சார். நான் பஞ்சு மில்லுல போயிக் கேட்டேன். கொட்டையில என்னத்தா சாதி, எல்லாம் ஒரே கொட்டைதாங்கிறாக. எனக்கு என்ன பதில் சொல்லன்னு தெரியல.”

அவர் எதிரிலேயே நான் ராசிங்காபுரத்தில் பருத்தி போடுகிற என் மாமன் மகனுக்குப் போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டதுதான் தப்பு.

“ஏ மாப்ளே, சம்பளம் வாங்குற ஆளு மாதிரியா கேக்குற? மரபணு மாத்துன பி.டி. வெத இல்லாத பருத்தி இந்தப் பக்கம் எங்க இருக்கு? கடைக்காரன் அந்த வெதையத்தான் குடுக்கான், நாங்க அதத்தான் போடுறோம். காய்ப்புழுவுக்கு மருந்தடிக்க வேணாம்னாக. மொதல்ல சரியாத்தான் இருந்துச்சு. இப்ப அதுக்கும் சேத்து அடிக்கிறோம். நீ மாட்டியிருக்க சட்டையும் அந்தப் பருத்திதான். முதுகுல எழுதி ஒட்டிக்கிட்டுத் திரி, போ.”

பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“வெஷமா சார்?”

“இல்லம்மா. வெஷம்னு யாரும் நிரூபிச்சதில்ல. நல்லதுங்கிறவுகளும் இருக்காக, வேணாங்கிறவுகளும் இருக்காக. எது சரின்னு எனக்குத் தெரியாது.”

இப்போதும் எனக்கு அது தெரியாது. இதைப் படித்துவிட்டு மரபணு மாற்றிய பயிருக்கு ஆதரவாகவோ எதிராகவோ என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

“வெஷம் இல்லன்னா எதுக்கு சார் சொல்லணும்?”

“கேக்குறாங்கல்ல. தெரிஞ்சு குடிக்கட்டும்மா. வேணாம்னா வேணாங்கட்டும்.”

அவர் கொஞ்ச நேரம் கையில் இருந்த பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அன்னைக்கு பிரேக்கு சரியில்லன்னு டிரைவருக்குத் தெரிஞ்சிருக்கு சார். எங்ககிட்டச் சொல்லல. சொல்லியிருந்தா நாங்க எறங்கியிருப்போம். இல்ல, சோலி போயிரும்னு ஏறித்தான் இருந்திருப்போம். ஆனா நாங்களாத் தெரிஞ்சு ஏறுனதா இருந்திருக்கும். சரி, எழுதிருவோம் சார்.”

மதுரைக் கூட்டத்தில் நாள் முழுக்கப் பேசியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை.

இங்கேதான் நான் செய்த தப்பு. நம் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. லேபிளைப் பார்க்கலாம், குறை இருந்தால் சொல்லலாம், திருத்திக்கொண்டு வா என்று அனுப்பலாம். நம் கையால் எழுதிக் கொடுக்கக் கூடாது. விதிப் புத்தகத்தில் இது இல்லை. ஆனால் அடிபட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு இருந்த வேகத்தில் நான் அலுவலகக் காகிதம் ஒன்றை எடுத்து எழுதினேன்: ‘மரபணு மாற்றம் செய்யப்பட்ட பருத்தியின் விதையில் தயாரித்தது.’ எழுதி முடித்ததும் பழக்கதோஷத்தில் கீழே சுருக்கொப்பமும் தேதியும் போட்டேன். நாளுக்கு நூறு காகிதத்தில் போடுகிற கை, எதில் போடுகிறது என்று பார்ப்பதில்லை. “உண்மைய எழுதுனா உங்கள ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியாதும்மா” என்று சொல்லி அனுப்பினேன். இந்த வாக்கியத்தை நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள்.

அச்சகத்தில் அந்த வரியைப் பொடி எழுத்தில் போடலாம் என்றிருக்கிறார்கள். பேச்சியம்மாள் கேட்கவில்லை. “தோட்டத்துல எழுத்துக்கூட்டிப் படிக்கிற பொம்பளைகதான் நெறைய. அதுகளுக்குக் கண்ணு தெரிய வேணாமா?” என்று சொல்லிப் பாக்கெட்டின் முன்பக்கம், தன் பெயருக்குக் கீழே, பெரிய எழுத்தில் போட வைத்தார். பருத்திப்பால் என்ற பேருக்கு அடுத்த பெரிய எழுத்து அதுதான். எனக்கு ஒரு பாக்கெட் கொண்டுவந்து காட்டியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மதுரை அங்காடிக்காரர் பாக்கெட்டைப் படித்துவிட்டு, நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்று சொல்லி, வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதோடு அவர் கதை முடிந்தது. மலையில் ஒன்றும் ஆகவில்லை. முதல் இரண்டு மாதம் வியாபாரம் ஏறத்தான் செய்தது. மரபணு என்றால் ஏதோ சத்து என்று நினைத்தார்களாம். “அந்த மரபணு போட்ட பாலு குடுங்கக்கா, மத்தது வேணாம்” என்று ஒருத்தி கேட்டதைப் பேச்சியம்மாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தானே உட்கார்ந்து அது சத்து இல்லை என்று விளக்கியும் இருக்கிறார். நல்ல வியாபாரிக்கு இது அழகா என்று கேட்டேன். “பொய் சொல்லி விக்கவா சார் இம்புட்டுப் பெருசா எழுதுனது?” என்றார்.

பிறகு யாரோ மலைமேல் ஒரு கடையில் பாக்கெட்டைப் போட்டோ எடுத்தார்கள். எடுத்தவர் யாரென்று எனக்குக் கடைசி வரை தெரியாது. அது கைபேசியில் ஒரு குழுவில் இருந்து இன்னொரு குழுவுக்குப் போனது. கூடவே மலையாளத்தில் ஒரு குரல் பதிவு. தமிழ்நாட்டில் இருந்து ஏழைத் தொழிலாளிகளைக் கொல்ல விஷப்பால் வருகிறது, வாங்காதீர்கள் என்று ஒருவர் ஆவேசமாகப் பேசுகிறார். அதைக் கேட்டால் எனக்கே பயம் வந்தது. நாலே நாளில் கடைகள் பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டன. ஐந்தாம் நாள் எனக்கு மேலிடத்தில் இருந்து போன்.

“உங்க ஏரியாவுல அனுமதி இல்லாம மரபணு மாத்துன உணவு விக்கிறாங்களாம். பாக்கெட்லயே போட்டிருக்காம். நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீங்க?”

“சார், தள்ளுவண்டியில இருந்து பெரிய கடை வரைக்கும் எல்லாப் பருத்திப்பாலும் அதே விதைதான் சார். நாட்டுல வர்ற பருத்திக்கொட்டை பெரும்பாலும் அதுதான்.”

“அவங்க எழுதியிருக்காங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப நமக்குத் தெரியாது. இந்தம்மா எழுதியிருக்கு. தெரிஞ்சப்புறம் சும்மா இருந்தா நாளைக்கு என்னைக் கேப்பாங்க. அனுமதி இருக்கான்னு கேளுங்க. இல்லன்னா நடவடிக்கை எடுங்க.”

மேலதிகாரியைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னதில் சட்டப்படி ஒரு தப்பும் கிடையாது. மரபணு மாற்றிய உணவை விற்க முன்அனுமதி வேண்டும். அனுமதியை ஒரு தள்ளுவண்டிக்காரர் எங்கே போய் வாங்குவார் என்பது சட்டத்தின் கவலை இல்லை. லேபிளில் எப்படிச் சொல்வது என்கிற விதி வரைவாக வந்தது, வரைவாகவே கிடந்தது. மற்றவர்களைப் பிடிக்க வேண்டும் என்றால் மாதிரி எடுத்து, மரபணு பார்க்கிற வசதி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, காத்திருந்து, வழக்காட வேண்டும். பேச்சியம்மாளைப் பிடிக்க அது எதுவும் வேண்டாம். அவரே பெரிய எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தார். அன்று மாலை நான் நோட்டீசைத் தயார் செய்தேன்.

மறுநாள் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்த பாக்கெட் கட்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் அவருக்கு முகம் தெளிந்தது. தன்னைக் காப்பாற்ற ஆள் வந்துவிட்டது என்று நினைத்தார்.

“வாங்க சார். நீங்க வருவீகன்னு எனக்குத் தெரியும். என்னென்னமோ பேசுறாக. நான் யாருக்கும் பயப்படல. என்கிட்ட நீங்க எழுதுன பேப்பரு இருக்கு.”

சாமி படங்களுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அந்தக் காகிதத்தை மாட்டி வைத்திருந்தார். என் எழுத்து, என் சுருக்கொப்பம், என் தேதி. முருகனுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன்.

அந்த இடத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். ஓய்வு பெற இரண்டு வருஷம்கூட இல்லை. அனுமதி இல்லாத உணவுக்கு அலுவலரே லேபிள் எழுதிக் கொடுத்தார் என்று வந்தால் துறை விசாரணை வரும். தற்காலிகப் பணிநீக்கம் வரும். என் பெயர் பேப்பரில் வரும். பேச்சியம்மாளுக்கு என்ன வரும் என்பது அந்த வரிசையில் வரவே இல்லை. நாம் நெருக்கடியில் முடிவெடுக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அன்று முடிவெடுக்க நேரமே ஆகவில்லை.

“அந்தப் பேப்பரக் குடும்மா. ஃபைல்ல சேக்கணும்.”

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உறையோடு எடுத்து, ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

“பத்திரமா வச்சுக்கங்க சார். எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு.”

அதை நான் சட்டைப்பைக்குள் வைத்தேன். வைத்த பிறகுதான் நோட்டீசை நீட்டினேன். இந்த முன்பின்னை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் நோட்டீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உள்ளே போய் எனக்குப் பருத்திப்பால் கொண்டுவந்தார். குடித்தேன்.

விசாரணை மாவட்ட அலுவலகத்தில் நடந்தது. விசாரித்தவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“இப்படி எழுதணும்னு உங்களுக்கு யார் சொன்னாங்கம்மா?”

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். நான் மேசையின் பக்கவாட்டில் ஃபைலோடு உட்கார்ந்திருந்தேன். காகிதம் என் வீட்டு பீரோவில் இருந்தது. அவர் நான் ஃபைலைத் திறப்பேன் என்று காத்திருந்தார். நான் திறந்தேன், இரண்டு பக்கத்தைப் புரட்டினேன், மூடினேன். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“யாரும் சொல்லலங்க. நானாத்தான் எழுதுனேன்.”

வெளியே வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டார்.

“பேப்பரு தொலஞ்சுபோச்சா சார்?”

“ஃபைல்லதாம்மா வச்சேன். காணோம். தேடிக்கிட்டு இருக்கேன்.”

“சரி சார். தேடுங்க.”

பதிவை ரத்து செய்து உத்தரவு வந்தது. இருக்கும் சரக்கை அழிக்க வேண்டும். அழிப்பதும் என் சோலிதான். அவர் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, ஒவ்வொரு பாக்கெட்டாகக் கிழித்துக் கொட்டினோம். நான் கத்தரிக்கோல் கொண்டு போயிருந்தேன். அவர் கையாலேயே கிழித்தார். பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரம் நின்று, “மாட்டுக்காச்சும் குடுங்க சார், இம்புட்டையும் மண்ணுலயா போடணும்?” என்றார். கூடாது என்றேன். அவர் மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த பருத்திக்கொட்டை மூட்டை அவருக்குப் பின்னாலேயே நின்றது. அந்த மாட்டின் பாலில்தான் என் வீட்டில் காப்பி போட்டோம்.

மேலிடத்தில் ஒரு யோசனை சொல்லி அனுப்பினார்கள். அதையும் நான்தான் போய்ச் சொன்னேன்.

“அந்த வரிய எடுத்துட்டுப் புதுசா விண்ணப்பம் போட்டா மறுபடி பதிவு குடுத்துருவாங்கம்மா.”

“வெதைய மாத்தணுமா சார்?”

“வேணாம். வரி மட்டும்தான்.”



“இருந்தத எடுத்தா, மறைக்கிறேன்னுதான சார் சொல்லுவாக? ஊரே படிச்சுருச்சு.”

அது உண்மைதான். வண்டியும் ஓடவில்லை. அவர் பெயரே விஷப்பால்காரி என்று ஆகிவிட்டது. நாலடி தள்ளி நின்ற இன்னொரு வண்டியில் கூட்டம் அள்ளியது. அந்த வண்டிக்காரரும் அதே மில்லில்தான் கொட்டை வாங்கினார். நான் ஒரு வாரம் குடிக்காமல் இருந்தேன். அப்புறம் அந்த வண்டியில் குடிக்க ஆரம்பித்தேன்.

பேச்சியம்மாள் வீட்டு வேலைக்குப் போனார். ஏலக்காய்க் கடையில் காய் பிரிக்கப் போனார். அடிபட்ட இடுப்போடு தரையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பிரிக்க முடியவில்லை. சில மாதம் கழித்து ஒரு காலையில் டம்ளரும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோது அவரை ஜீப்பில் பார்த்தேன். கடைசி இருக்கையின் ஓரத்தில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என் கையில் இருந்ததைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. அவரும் என்னைப் பார்த்தார்.

“பாலு நல்லாருக்கா சார்?” என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

பிறகு ஒருநாள் அந்த ஜீப் டிரைவரிடம் விசாரித்தேன். “வர்றாக சார். கீழ் மலையிலயே லேசான சோலியாப் பாத்துக் குடுத்திருக்காக. ஆனா முந்தல் தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும் அந்தக்கா கண்ண மூடிக்கிரும். தோட்டத்துல போயித்தான் தெறக்கும். சாயங்காலம் எறங்கும்போதும் அப்பிடித்தான். தெனமும் சார்” என்றார்.

பீரோவில் அந்தக் காகிதம் இருந்தது. எத்தனையோ முறை எடுத்துப் பார்த்தேன். கிழித்துப் போட மனம் வரவில்லை. வெளியே கொண்டுவரத் துணிச்சலும் வரவில்லை. எனக்குள் ஏதோ நல்லது மிச்சம் இருப்பதால்தான் கிழிக்காமல் வைத்திருக்கிறேன் என்று சமாதானம் செய்துகொண்டேன். என் பிரிவுபசார விழாவில் ஒரு கறை இல்லாத பணிக்காலம் என்று பேசினார்கள். சால்வை போட்டார்கள். கூட்டத்துக்குப் பருத்திப்பால் கொடுத்தார்கள். போடி விசேஷம் அல்லவா.

ஓய்வு பெற்ற அடுத்த மாதம், பணப்பலன் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, ஒரு காலையில் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். எப்படிப் பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். மேல்முறையீடு செய்யலாம், நானே வக்கீல் பார்க்கிறேன், நானே வந்து சாட்சி சொல்கிறேன் என்று சொல்ல வேண்டும். மனசு லேசாகத்தான் இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

பேச்சியம்மாள் ஏறி உட்கார்ந்திருந்தார். நான் ஜீப்பின் பின்பக்கம் போய் நின்று, உறையோடு அந்தக் காகிதத்தை நீட்டினேன்.

“பேச்சியம்மா, பேப்பரு கெடச்சிருச்சும்மா.”

அவர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு என் வேட்டியை, கையில் இருந்த காய்கறிப் பையை, காலில் இருந்த ரப்பர் செருப்பைப் பார்த்தார். என்னை அவர் பேன்ட் சட்டையில் அல்லாமல் பார்த்ததே இல்லை.

“ரிட்டயர்டு ஆயிட்டீகளா சார்?”

“ஆமாம்மா. போன மாசம்.”

“அதான் கெடச்சிருக்கு.”

கோபமாகச் சொல்லவில்லை. காகிதத்தை வாங்குவதற்கு, கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்கவும் இல்லை. பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்து, யாருக்கோ இடம் விட்டாள். “வெரசா ஏறுங்க, நேரமாச்சு” என்று டிரைவர் முன்னால் இருந்து கத்தினார்.

இதுதான் என் பணி அனுபவம். இதில் என்ன பாடம் என்று உங்கள் வகுப்பில் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. லேபிள் விதி வந்தாலும் வராவிட்டாலும், பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிற இடத்தில் நாளைக்கு நீங்கள்தான் உட்காருவீர்கள். உங்களுக்கும் ஒரு பேச்சியம்மாள் வருவார். அப்போது நீங்கள் என்னைவிட நல்லவர்களாக இருப்பீர்கள் என்று நம்ப எனக்கு ஆசைதான். நம்பிக்கை வரவில்லை.

அன்று ஜீப் இன்னும் கிளம்பவில்லை. முந்தலுக்கு வெகுதூரம் இருந்தது, ஏற்றம் அதற்கும் அப்பால். நான் காகிதத்தை நீட்டியபடியே நின்றேன். பேச்சியம்மாள் அதற்குள் கண்ணை மூடிக்கொண்டார்.